எட்டாவது வரிசை

திரும்பி வந்த பெட்டியை நான்தான் பிரித்தேன். மேலே மடித்து வைத்திருந்த தாளில், கட்டிங் சரியில்லை, ஓரம் ஒரே சீராக இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஆர்டரில் அது மூன்றாவது பெட்டி. முதல் பெட்டி திரும்பியபோது பதற்றமாக இருந்தது. இரண்டாவதற்குக் கோபம் வந்தது. மூன்றாவதைப் பிரித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

உள்ளே இருந்தவை சின்ன ஸ்டிக்கர்கள். மின்சார ஸ்கூட்டரில் சார்ஜ் போடும் இடத்து மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மஞ்சள் பின்னணி, நடுவில் மின்னல் குறி, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. அந்தக் கோடுதான் எங்கள் உயிரை வாங்கியது. கத்தி அரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டினால் ஒரு பக்கம் கோடு பாதியாகிவிடும், எதிர்ப்பக்கம் தடித்துவிடும். ஸ்கூட்டர் ஓட்டுகிற யாரும் குனிந்து அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் பார்ப்பதற்கென்றே அந்த ஸ்கூட்டர் கம்பெனியில் ஒரு மேசையும் விளக்கும் இருந்தன.

மூக்கண்டப்பள்ளியில் தொழிற்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் யூனிட். ஷட்டர் போட்ட ஒரு கூடம், பின்னால் ஏ.சி. வைத்த ஓர் அறை. ஓனரையும் சேர்த்து ஆறு பேர். பிரின்ட் மெஷினில் இரண்டு பேர், லேமினேஷனில் ஓர் அக்கா, கட்டிங்கில் நான், வெட்டியதில் சுற்றிலும் மிஞ்சும் வேஸ்ட் எடுத்து அடுக்க ஒரு பெண். என் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததும் முதலில் ரோஜாப் பண்ணையில் பூக்களைக் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்தேன். எட்டு வருஷம் குளிர் அறையில் நின்றதில் விரல் மூட்டெல்லாம் வலி கண்டது. அதன் பிறகுதான் இந்த வேலை. கட்டிங் மெஷினில் உட்கார்ந்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது.

கட்டிங் மெஷின் செய்வதைச் சொன்னால் சுலபமாகத்தான் தெரியும். அச்சடித்த வினைல் ஷீட்டின் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பிலிம் ஒன்றை அழுத்தி ஒட்டுவார்கள். அதுதான் லேமினேஷன். வெயில், தண்ணீர், கைபட்ட அழுக்கு எதுவும் அச்சைத் தொடாமல் அது காக்கும். அப்படி ஒட்டிய ஷீட் என்னிடம் வரும். ஷீட்டின் நான்கு மூலைகளிலும் சின்னக் கறுப்புப் புள்ளிகள் அச்சாகியிருக்கும். அவற்றை நாங்கள் மார்க் என்போம். மெஷினில் ஒரு கண் உண்டு. அது நான்கு மார்க்குகளையும் தேடிப் பார்த்து, ஷீட் எப்படிக் கிடக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அதன்படி கத்தி ஒவ்வொரு ஸ்டிக்கரின் ஓரத்தையும் சுற்றி வரும். வினைல் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடியில் இருக்கும் காகிதத்தில் கீறல்கூட விழக் கூடாது. பெரிய ஸ்டிக்கர்களில், ஹெல்மெட்டுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் போகிறவற்றில், அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் எங்களுக்கே தெரியாது. நகம் அளவு ஸ்டிக்கரில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"என்னம்மா இது, போன வாரமே சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க" என்றார் ஓனர். சேலத்துப் பக்கத்துக்காரர், கத்த மாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று அந்த வாரங்களில் நினைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மெல்லிய குரலில் கேட்பார்.

"சரியாத்தான் சார் இருந்துச்சு. ஒவ்வொரு ஷீட்டும் பாத்துத்தான் எறக்கறேன்."

"அப்பறம் எப்பிடிங்க திரும்பி வருது?"

நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஷீட்டையும் இறக்கியதும் லென்ஸ் வைத்து முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் பார்ப்பேன். இரண்டும் ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் பார்க்க நேரமும் கிடையாது. ஒரு ஷீட்டில் பதினான்கு வரிசை, வரிசைக்கு இருபது. வேஸ்ட் எடுத்ததும் அதைப் பத்துப் பத்தாக நறுக்கிக் கட்டுக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டுகளில் எங்கோ கெட்டது கலந்து போய்க்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். புதுக் கத்தி மாற்றினேன். கத்தி வெளியே நீட்டும் அளவைக் குறைத்தேன். வேகத்தைப் பாதியாக்கினேன். ஷீட்டை இழுக்கும் உருளைகளைத் துடைத்தேன். மெஷின் விற்றவர்கள் போனில் சொன்னபடி அதன் கண்ணை மெல்லிய துணியால் ஒற்றினேன். ஒன்றைச் செய்ததும் ஒரு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரியும், மறுநாள் பழையபடி ஆகும். அந்த ஒரு நாள் நம்பிக்கைதான் மனுஷியை அதிகம் களைப்பாக்குகிறது. கெட்டதே தொடர்ந்து வந்திருந்தால் பழகிப்போயிருக்கும்.

கண் எங்கே போனாலும் ஓரத்தையே பார்க்கத் தொடங்கியது. பிஸ்கட் பாக்கெட்டில், பஸ் கண்ணாடியில், வீட்டுச் சுவரில் தொங்கும் இயேசுவின் திருஇருதயப் படம் போட்ட பழைய காலண்டரில். அந்தப் படத்தின் தங்கக் கோடு இடப்பக்கம் தடிமன், வலப்பக்கம் மெல்லிசு. நான்கு வருஷமாக அதன் முன்னால் நின்று ஜெபம் சொல்லியிருக்கிறேன், அதைக் கண்டதில்லை. ஒரு ஞாயிறு பூசையில் பாட்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்து, "என்னா பாத்துகினு நிக்கற?" என்றார். தாளின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் கால் அங்குலம் வித்தியாசம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாவது பெட்டிக்கு அடுத்த நாள் ஒரு சோதனை செய்தேன். லேமினேஷன் போடாத ஷீட் பத்து, போட்ட ஷீட் பத்து. இரண்டையும் ஒரே கத்தியில் ஒரே வேகத்தில் வெட்டினேன். இந்த முறை எல்லா ஸ்டிக்கரையும் தனித்தனியாக நறுக்கி வகைக்கு ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தேன். பார்த்து முடிக்கவே ஒன்றரை நாள் ஆனது. லேமினேஷன் போடாததில் ஒன்றுகூடக் கெடவில்லை. போட்டதில் ஷீட்டுக்கு ஐம்பது, அறுபது வீதம் கெட்டிருந்தன.

இரண்டு தட்டுகளையும் ஓனரின் மேசையில் வைத்தேன். "சார், கட்டிங்ல தப்பு இல்ல. லேமினேஷன்லதான் என்னமோ ஆவுது."

கூடம் சின்னது. எல்லோரும் அங்கேதான் இருந்தோம். லேமினேஷன் அக்கா உருளையில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். அவர் பாகலூர் தாண்டி எல்லையோரத்து ஊர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஐந்து வருஷமாக அந்த மெஷினை அவர்தான் ஓட்டினார். பிலிமும் ஷீட்டும் உருளைகளுக்குள் ஒன்றாகப் போகும்போது, மாட்டிடம் பேசுவதுபோல் "நிதானா, நிதானா" என்று முணுமுணுப்பார். மத்தியானம் நாங்கள் இருவரும் ஏ.சி. அறைக்குப் பின்னால் அட்டை விரித்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அவருடைய களி உருண்டையில் பாதி எனக்கு, என் சோற்றில் பாதி அவருக்கு.

ஓனர் தட்டுகளை மாறிமாறிப் பார்த்தார். அவரும் அலுத்துப் போயிருந்தார். அக்காவைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நாள் வேஸ்ட் எடுக்கற டேபிள்ல உக்காருங்கம்மா. இங்க பிரின்ட்ல இருந்து ஒருத்தர் பாக்கட்டும்" என்றார். வேஸ்ட் எடுக்கும் பெண் அப்போது பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்த மேசையில் உட்கார்ந்து ஊசிமுனைக் கத்தியை எடுத்தார். நான் சொன்னது உண்மைதான். ஆனால் "லேமினேஷன்ல" என்று நான் சொன்னதை, "லேமினேஷன் போடறவங்க மேல" என்று ஓனர் எடுத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே நான் இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. பழி என் தலையிலிருந்து இறங்கியதே போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அக்கா மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். நான் அட்டையை விரித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நாலடி தள்ளி நின்றார். மறுநாளும் அப்படித்தான்.

பிரின்ட்காரர்களில் ஒருவர் லேமினேஷனை எடுத்துக்கொண்டார். சுருக்கமே விழாமல், கண்ணாடி மாதிரி போட்டுக் கொடுத்தார். நான் வெட்டினேன். நான்காவது பெட்டியும் திரும்பி வந்தது. அதில் கெட்டது முன்னைவிட அதிகம்.

ஓனர் என்னை அந்தக் கம்பெனிக்கே கூட்டிப்போனார். கிருஷ்ணகிரி ரோட்டில் வரிசையாக லாரிகள் நின்றதால் போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. சரக்கைச் சோதிக்கும் அறையில் ஒரு பெண் எஞ்சினியர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. சின்ன அளவுக்கருவியை ஸ்டிக்கர் ஓரத்தில் வைத்து எனக்கும் காட்டினார்.

"இஞ்ச பாருங்க. ஒரு சைடு பூஜ்யம் புள்ளி அஞ்சு, மத்த சைடு ஒண்ணரை. நானா வேணும்னு பெட்டியைத் தள்ளல கேட்டியளா."

"அந்தக் கறுப்புக் கோடு இல்லாமப் போட்டா ஆகாதுங்களா மேடம்? ஓரம் வரைக்கும் மஞ்சளாவே விட்டா, கொஞ்சம் நவுந்தாலும் தெரியாது" என்றேன்.

அவர் யோசித்தார். கேலி செய்யவில்லை. "நல்ல யோசனைதான். ஆனா டிராயிங் பாஸ் ஆயாச்சு. இனி இதை மாத்தணும்னா எத்தனை பேரு கையெழுத்துப் போடணும் தெரியுமா? இந்த மாடல் முடியது வரைக்கும் கோடு இருக்கும். அதை வச்சு நீங்க என்ன செய்ய முடியும்னு பாருங்க." இன்னும் ஒரு பெட்டிதான் பார்ப்போம் என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் பத்தலப்பள்ளி தாண்டும்போது ஓனர், "டீ குடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

யூனிட்டுக்கு வந்ததும் திரும்பிய பெட்டியைப் பிரித்து நல்லதையும் கெட்டதையும் பொறுக்கச் சொன்னார். அதற்கான இடம் அக்காவின் மேசைதான். எதிரே உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை. கையில் இருந்த ஷீட்டில் வேஸ்ட்டை ஒரே இழுப்பில் உரித்தார். வினைல் வலை மாதிரி கையோடு வந்தது, ஸ்டிக்கர்கள் காகிதத்தில் நின்றன. அதைப் பத்துப் பத்தாக நறுக்கினார். நறுக்கிய ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பென்சிலால் ஏதோ எழுதினார்.

எட்டிப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "அது என்னாத்துக்கு நம்பர்க்கா?"

அடுத்த துண்டிலும் எழுதிக்கொண்டே சொன்னார். "வரிசை நம்பர்."

"யாரு போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. வந்த நாள்ல இருந்து போடறேன்."

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஷூ பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதற்குள் துண்டுகள் வரிசை எண்படி பதினான்கு கட்டாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. முதல் கட்டை எடுத்து லென்ஸில் பார்த்தேன். நன்றாக இருந்தது. இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் நன்றாகவே இருந்தன. எட்டாவது கட்டில் கோடு ஒரு பக்கம் மெலிந்திருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று மோசம். பன்னிரண்டில் கொஞ்சம் தேறியது. பதினான்கு மறுபடி சுத்தம்.

லென்ஸைக் கீழே வைத்தேன்.

"நீ மொதல் வரிசையும் கடைசி வரிசையும்தான பாக்கற" என்றார் அக்கா. "கெடறது நடுவுல. எட்டாவதுல இருந்து."

ஏழு வருஷமாக அப்படித்தான் பார்த்திருந்தேன். மார்க்குகள் இருப்பது ஷீட்டின் இரண்டு முனைகளில். மெஷினின் கண் பார்ப்பதும் அந்த முனைகளை மட்டும்தான். முனைகளில் எல்லாம் பொருந்திவிடும். நடுவில் ஷீட் தன் இஷ்டத்துக்கு நீண்டிருந்தாலும் சுருங்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மெஷின் பார்த்த இடத்தையே நானும் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா நடுவுல மட்டும் அப்பிடி ஆவுது?"

"பிலிமை இழுத்துப் பிடிச்சுப் போட்டா நீளும். ஒட்டினதுக்கு அப்பறம் மெதுவா பழைய நெலைக்குத் திரும்பும். திரும்பறப்ப வினைலையும் சேத்து இழுக்கும். ரோல் ஒரே மாதிரி வராது. ஒரு எடத்துல லூசு, ஒரு எடத்துல டைட்டு. அதான் ஒரே மாதிரி சுருங்கறதில்ல." அவர் லேமினேஷன் மெஷின் பக்கம் பார்க்காமலே கையால் காட்டினார். "பிலிம் ரோலை இழுத்துப் பிடிக்கற பிரேக்கை நான் லூசா வச்சுத்தான் ஓட்டுவேன். சுருக்கம் விழாம இருக்க நிதானமா விடணும், அவ்வளவுதான். அவரு பிரேக்கை டைட்டா வச்சுட்டாரு. பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"ஆனா நீங்க போட்டதும் கெட்டுச்சேக்கா."

"கெட்டுச்சு. முன்ன நான் ஒட்டினதை ராத்திரி பரப்பிப் போட்டுட்டுப் போவேன். மறுநாள்தான் உனக்குத் தருவேன். இந்த ஆர்டர் வந்ததுல இருந்து சாயங்காலமே வெட்டணும்னு பிடுங்கினாங்க. சூட்டோட சூடா வெட்டினா, வெட்டிகினு இருக்கறப்பவே அது சுருங்கிகினு இருக்கும்."

"இதை சார்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "என்னைக் கேட்டாங்களா?"

நான் பெட்டியிலிருந்த கட்டுகளைத் திரும்ப அடுக்கினேன். எண் மாறிப் போய் ஒன்றை எடுத்து மறுபடி வைத்தேன். "என் வாயாலதான்க்கா உங்களை இங்க உக்கார வச்சேன்" என்றேன்.

"நீ சொன்னது பொய் இல்ல. பொய்யா இருந்தா அன்னைக்கே சண்டைக்கு வந்திருப்பேன். ஆனா போயி சொல்றதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூட உக்காந்து சாப்படறவ நீ."

"தப்புதான்க்கா."

"பிடும்மா" என்றார். விடு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்தார். அவர் முகத்தில் கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓனரிடம் இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு, ஷூ பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டுகளை அவர் மேசையில் ஒன்று முதல் பதினான்கு வரை பரப்பி, "இதைக் கண்டுபிடிச்சது அக்கா சார்" என்றேன். ஓனர் எட்டாவது கட்டையும் பத்தாவதையும் வெகுநேரம் லென்ஸில் பார்த்தார். பிறகு, "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க ஓனர், அக்கா, நான் மூவரும் அதே வேலையாக இருந்தோம். பிரின்ட்காரர் சந்தோஷமாகத் தன் மெஷினுக்குத் திரும்பிப் போனார். அக்கா பிரேக்கைத் தளர்த்தி ஓட்டினார். முதல் ரோலில் சுருக்கம் விழுந்து ஆறு ஷீட் வீணானது. இரண்டாவது ரோலில் கை படிந்தது. ஒட்டிய ஷீட்டுகளைச் சுருட்டாமல் மேசைகளிலும் தரையிலும் பரப்பி, அன்று தொடாமல் விட்டோம். நடக்க இடம் இல்லாமல் சுவரோரமாக நகர்ந்து போக வேண்டியிருந்தது.

டிசைனை ஓனரே கம்ப்யூட்டரில் மாற்றினார். நான் கேட்டது இதுதான். ஒரே பெரிய கூட்டமாக இருக்கும் பதினான்கு வரிசைகளை நான்கு சின்னக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக நான்கு மூலை மார்க் வைத்துவிட வேண்டும். அப்போது மெஷின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நின்று மறுபடி பார்க்கும். நடுவில் ஷீட் எவ்வளவு நகர்ந்திருந்தாலும் அந்தச் சின்ன இடத்துக்குள் தெரியாது. "இடம் வீணாகும், ரெண்டு வரிசை குறையும்" என்றார். குறையட்டும் சார் என்றேன்.

வெட்டப் போட்டதும் புதுத் தொல்லை வந்தது. மெஷின் பாதி மார்க்குகளைக் காணாமல் தடுமாறி நின்றது. லேமினேஷனின் பளபளப்பில் விளக்கொளி அடித்து அதன் கண்ணைக் கூசச் செய்தது. முன்பும் சில சமயம் அப்படி நடந்ததுண்டு, நான் விளக்கை அணைத்துவிட்டுச் சமாளித்திருக்கிறேன். இப்போது ஒரு ஷீட்டில் பதினாறு மார்க். அக்கா ஸ்டேஷனரிக் கடையில் பளபளப்பில்லாத மங்கலான டேப் ஒன்று வாங்கி வந்தார். அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஒவ்வொரு மார்க்கின் மேலும் ஒட்டினோம். பிறகு கண் தடுமாறவில்லை. ஒரு ஷீட் வெட்டி முடிக்க முன்பு ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. டேப் ஒட்டும் நேரம் தனி.

முதல் ஷீட்டை இறக்கியதும் நான் நடுவரிசைகளைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நடுவில் ஒன்று, மூலைகளில் ஒன்று என்று லென்ஸ் வைத்தேன். அக்கா பக்கத்தில் நின்றார். கோடு எல்லாப் பக்கமும் ஒரே அகலம் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் மயிரிழை வித்தியாசம் இருந்தது. ஆனால் எஞ்சினியர் காட்டிய அளவுக்குள்தான் இருந்தது. லென்ஸை அக்காவிடம் கொடுத்தேன். அவரும் பார்த்தார்.

"ம். போகும்" என்றார்.

பெட்டி போனது. திரும்பி வரவில்லை. அடுத்த பெட்டியும் திரும்பவில்லை. அன்று ஓனர் எல்லோருக்கும் டீயோடு பன் வாங்கிக் கொடுத்தார். அக்காவிடம் அவர் எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. லேமினேஷன் மெஷினைப் பழையபடி அவரிடமே விட்டுவிட்டார், அதுவே போதும் என்று நினைத்திருப்பார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்குப் போய் எட்டு மணிக்கே படுத்துத் தூங்கினேன். அவ்வளவுதான் வந்தது.

மத்தியானம் மறுபடி ஒன்றாகச் சாப்பிட்டோம். முன்புபோல் அவர் தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்லவில்லை. களி உருண்டையில் பாதி கொடுத்தார். நான் பேச்சு எடுத்தால் பதில் சொன்னார். அந்த இடைவெளியை நான்தான் உண்டாக்கினேன், அதை அவசரப்படுத்தி மூடவும் முடியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்ட டப்பாவை மூடிக்கொண்டே, "அத்திப்பள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ்ல சேரப் போறேன். ஒண்ணாந் தேதி வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

"அன்னைக்கு நடந்ததுக்காகவாக்கா?"

"அதுக்காகன்னு சொன்னா நீ அழுதுகினு இருப்ப." லேசாகச் சிரித்தார். "கம்பெனி பஸ்ஸு எங்க ஊரு கிட்டயே வருது. இங்க வர்றதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். வயசாவுதில்ல." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அதுவும் கொஞ்சம் இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

போகும் முன் நான்கு நாள் என்னை லேமினேஷன் மெஷினில் நிற்க வைத்தார். ஓனர் புது ஆள் தேடவில்லை, இரண்டையும் நானே பார்க்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். அதனால் இப்போது ஒரு நாள் ஒட்டுகிறேன், மறுநாள் வெட்டுகிறேன். நான் செய்த தப்பு எதுவானாலும் இருபத்து நான்கு மணி நேரம் கழித்து என்னிடமே வருகிறது. யார் மேலும் சொல்ல முடியாது.

போன மாதம் வேறு கம்பெனியின் பிலிம் வந்தது. எப்படி ஓட்டினாலும் சுருக்கம் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் நூறு பேர் பேசும் இரைச்சல் கேட்டது.

"சுருக்கம் ரெண்டு ஓரத்துலயுமா, ஒரு ஓரத்துலயா?"

"ஒரு ஓரத்துலதான்க்கா. வலது கைப் பக்கம்."

"அப்ப பிலிம்ல ஒண்ணும் இல்ல. ரோல் கோணலா உக்காந்திருக்குது. கழட்டி மறுபடி மாட்டு."

"அங்க எப்பிடிக்கா இருக்கு?"

"செக்கிங் டேபிள். நின்னுகினே பாக்கணும். சாயங்காலம் காலு வீங்கிப் போவுது. பஸ்ஸு மட்டும் வீட்டு கிட்ட வருது." அதற்குள் அவர்கள் பக்கம் மணி அடித்தது. "வெச்சிடறேன்மா, உள்ள போவணும்."

ரோலைக் கழற்றி மாட்டினேன். சுருக்கம் போகவில்லை. இன்னொரு முறை கழற்றி, ரோல் மாட்டும் கம்பியின் இரண்டு முனையும் ஒரே அளவில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து மாட்டினேன். அப்போது பிலிம் நேராக ஓடியது. இருபது ஷீட் ஒட்டி, மேசையிலும் தரையிலும் பரப்பினேன். சுவரோரமாக நடந்து போய் ஏ.சி.யை அணைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.